மூன்றாம் பள்ளத்தாக்கின் பாலம்

ஆகஸ்ட் 11, செவ்வாய்

எனக்கு மறதி வந்துவிட்டது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். அது பிழை. அதைத் திருத்திவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஒரு பொலிஸ்காரப் பெண் வந்தார். அவரிடம் என் மகள் ஜெனிற்றா தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். எனக்கு ஜெர்மன் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் விரல் அந்த இடத்துக்குப் போனால் எந்த மொழியிலும் அர்த்தம் ஒன்றுதான். மத்தியானத்துக்குள் அது பக்கத்து மேய்ச்சல்வெளி மாட்டுக்காரர் காஸ்பர் வரைக்கும் போய்விட்டது. வழக்கமாக என்னை ‘ஜெனரல்’ என்று கேலி செய்பவர் இன்று என்னிடம் மிக மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்தேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் என்னோடு படித்த முப்பத்தாறு பேரின் பெயரையும் வரவு இடாப்பு ஒழுங்கில் சொல்வேன். என் கணவர் மரியநாயகம் இறந்த நாளன்று வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்பதும் தெரியும். மறதி இல்லை.

விஷயம் இதுதான். ஞாயிறு காலை எங்கள் மலைவிடுதியிலிருந்து சைக்கிளில் புறப்பட்ட ஒரு பெண் திரும்பி வரவில்லை. பெயர் ரெகுலா. ஐம்பத்திரண்டு வயது, தனியாக வந்தவர். இரண்டு நாள் பயணம், நேற்றுப் பின்னேரம் வந்திருக்க வேண்டும். அவருடைய மாற்றுடுப்புப் பை இன்னும் கூடத்து ஆணியில் தொங்குகிறது.

இந்த விடுதி சுவிட்சர்லாந்து மலையில் ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பது மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஊர்ச்சபையிடமிருந்து மகளும் மருமகனும் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஆனி முதல் புரட்டாதி வரை நாங்கள் மேலே, பிறகு கீழே. மலைச்சைக்கிள்காரர்களின் மூன்று பள்ளத்தாக்குப் பாதை எங்கள் வாசலில்தான் தொடங்குகிறது. மாடுகள் மேயும் முதல் வெளியால் ஏறி, கணவாய் கடந்து, இரண்டாம் பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறி, மூன்றாவதில் ஓடையைப் பாலத்தால் தாண்டி, கடைசி மேய்ச்சல்வெளியில் முடியும். நான் இரண்டாவது வேலிப் படலைக்கு அப்பால் போனதில்லை. ஆனால் உயரக்கோடுகளை வாசிக்கத் தெரிந்தவளுக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை.

விருந்தினருக்கு நான் அந்தப் பாதையை ஒரு சாண் அகலத் தாளில் கையால் கீறிக் கொடுக்கிறேன். மூன்று கோடைகளாக. அவர்கள் அதைச் சைக்கிள் கைபிடியில் ஒட்டிக்கொண்டு போவார்கள். அச்சடித்த படத்தைவிட இதுதான் நல்லது என்பார்கள். ஏற்றம் எங்கே, படலை எங்கே, மின்கம்பி வேலி எங்கே, எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும், எல்லாம் அதில் இருக்கும்.

ரெகுலாவுக்கும் ஒன்று கொடுத்தேன். அளவுத்திட்டப்படி அது சரியான படம்.

அதே நாள், மாலை

ஹெலிகொப்டர் இரண்டு முறை போய்த் திரும்பியது. பனிப்புகார் இறங்கிவிட்டதால் நிறுத்திவிட்டார்கள். கட்டில் விரிப்புகள் பதினான்கும் துவைத்தேன். எதுவும் காயவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

தேடுகிறவர்கள் இருபத்தாறு பேர். நாய் மூன்று. எல்லாருக்கும் சூப். நான் கரட் வெட்டினேன்.

“பாருங்கோ, சூப்புக்குள்ள போற கரட்டையும் அம்மா அளந்து வெட்டுறா,” என்றாள் ஜெனிற்றா, ஆட்களைச் சிரிக்க வைக்க. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

பேச்சு எல்லாம் மூன்றாம் பள்ளத்தாக்கைப் பற்றித்தான், ஜெனிற்றா தமிழில் சொன்னாள். போன மாதக் கடைசியில் பெய்த மழையில் அங்கே சேறும் கல்லும் இறங்கியிருக்கிறது. பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஊர்ச்சபை அந்தத் துண்டுப் பாதையை மூடி, மேல் சந்தியில் தடைப் பலகை நடும் பொறுப்பை என் மருமகனிடம் கொடுத்திருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அவர் போய் நட்டார். நேற்று அந்தப் பலகை நிலத்தில் குப்புறக் கிடந்ததாம். மாடுகள் முதுகு சொறிய உரசி விழுத்திவிட்டன என்கிறார் காஸ்பர். பலகையின் முகத்தில் சாணி கிடந்ததை அவரே பார்த்தார். கீழே உள்ளவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். ஆணி அடித்தானா, சும்மா சாத்திவிட்டு வந்தானா என்று கேட்கிறார்கள். விடுதியை வெளிநாட்டுக்காரனுக்குக் கொடுத்தால் இப்படித்தான் என்றும் ஒருவர் சொன்னாராம். குத்தகையைப் புதுப்பிப்பது ஐப்பசியில்.

மருமகனையும் என்னையும் பற்றி ஒன்று எழுதவேண்டும். நாங்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டை இல்லை, மரியாதை. எங்கள் வீட்டு வழக்கம் அது. என் அம்மா என் கணவரோடு இருபத்திரண்டு வருடம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைத்தார். இங்கே குசினி சிறியது, பின்னால் நிற்கக் கதவு இல்லை. ஆகவே எனக்குத் தெரியவேண்டியதை அவர் கோப்பி இயந்திரத்தைப் பார்த்துச் சொல்வார். நான் பதிலை மகளிடம் சொல்வேன். அவள் இல்லாவிட்டால் அடுப்பிடம். ஒன்பது வருடமாக ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்திருக்கிறது.

இன்று அவர் நனைந்துபோய் உள்ளே வந்து, கோப்பி இயந்திரத்தின் முன் நின்றார். கோப்பை எடுக்கவில்லை. பிறகு வெளியே போனார்.

ஆகஸ்ட் 13, வியாழன்

உயிரோடு இருக்கிறார்.

பின்னேரம்: பதினொன்றரை மணிக்கு ஒரு நாய் கண்டுபிடித்தது. பாலம் இருந்த இடத்துக்குக் கீழே, ஓடைக்குள், பாறைக்கும் கரைக்கும் நடுவில். இடுப்பெலும்பும் இடது காலும் முறிவு. நான்கு இரவு அங்கே கிடந்திருக்கிறார். ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறார். மழைச்சட்டை போட்டிருந்ததால் குளிர் கொல்லவில்லை. ஓடைக்கு முன் ஒரு வளைவு, அதைத் திரும்பினால் பதினைந்து மீற்றரில் பாலம். வளைவுக்கு முன் செங்குத்தான இறக்கம். வேகமாக வருகிறவர்களால் நிறுத்த முடியாது.

ஜெனிற்றா குசினி நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் செபமாலை சொன்னேன். நன்றிக்காகத்தான் சொன்னேன் என்று எழுத இருந்தேன். வேறு எதற்காகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பொலிஸ்காரப் பெண் மறுபடி வந்தார். பொலித்தீன் உறைக்குள் என் படம்.

நான் பாவிப்பது தண்ணீரில் கரையாத கறுப்பு மை. நான்கு நாள் ஈரத்தில் கிடந்தும் ஒரு கோடு கலையவில்லை. கந்தோரில் இருந்திருந்தால் அதற்கு ஒரு பாராட்டுக் கிடைத்திருக்கும்.

பாலத்தின் இரண்டு சிறு கோடுகளும் இருந்தன. பக்கத்தில் என் கையெழுத்தில் ஆங்கிலத்தில்: பாலம் உறுதியானது, இறங்கத் தேவையில்லை. எல்லாப் படத்திலும் நான் அப்படித்தான் எழுதுவேன். வழக்கமாக எழுதுவதையே எழுதினேன்.

என்னை மேசைக்குக் கூப்பிடவில்லை. மகளும் மருமகனும் அவரோடு அரை மணி நேரம் ஜெர்மனில் பேசினார்கள். நான் கோழிகளுக்குத் தீன் போட்டுவிட்டு வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. பிறகு ஜெனிற்றாவிடம் கேட்டேன்.

பாலம் போனதை அம்மாவுக்குச் சொன்னீர்களா என்று அந்தப் பெண் மருமகனிடம் கேட்டிருக்கிறார்.

“அவர் என்ன சொன்னவர்?” என்றேன்.

“தான் சொல்ல மறந்திட்டன் எண்டு சொன்னவர்.”

“அப்பிடியே சொன்னவர்?”

“ஓம் அம்மா. உங்களுக்குத் தெரியாது, தன்ரை பிழை எண்டு எழுதிக் குடுத்திட்டார்.” அவள் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துடைத்த கரண்டிகள்.

இரண்டு மேசைவிரிப்புகளை ஸ்திரி போட்டேன். ஒன்றில் மடிப்பு கோணலாகிவிட்டது. திரும்பவும் நனைத்து முதலிலிருந்து போட்டேன்.

ஆகஸ்ட் 15, சனி

மாதா விண்ணேற்புத் திருநாள். கீழே கோவிலுக்குப் போகவில்லை. கோவிலுக்குப் போனால் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெனிற்றா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சொல்லவந்ததை ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். தகப்பனுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. வழக்குத்தொடுநர் இதை எடுத்துக்கொள்வாராம். அறிந்தும் சொல்லாமல் விட்டது என்று மருமகன்மீது குற்றம் வரும். குத்தகை போய்விடும். ஆனால் படம் கீறியவர் ஞாபகமறதிக்காரி என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அது விபத்தாகிவிடும். சொன்னாலும் அந்த மனுசிக்கு நினைவு நின்றிருக்காது என்று வக்கீல் வாதாடலாம். திங்கட்கிழமைக்கு வைத்தியரிடம் நேரம் எடுத்துவிட்டாள்.

“ஒண்டும் செய்ய வேண்டாம் அம்மா. கேக்கேக்க தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

“தெரிஞ்சதைத் தெரியேல்லை எண்டோ?”

“ஒரு நாளைக்கு. எனக்காக.”

நான் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டதற்கு ஒத்துக்கொண்டேன் என்று எடுத்துக்கொண்டாள். இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் தீர்மானமாகிறது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

விருந்தினர் ஆறு பேர். படம் கேட்டார்கள். இல்லை என்றேன். ஒருவர் ஏன் என்றார். மை முடிந்துவிட்டது என்றேன். முடியவில்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

வைத்தியர் இளைஞர், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார். ஜெனிற்றாவை வெளியே இருக்கச் சொன்னார். காரில் வரும்போதே நான் தீர்மானித்திருந்தேன். மகள் ஒன்று கேட்டிருக்கிறாள், செய்வோம்.

இன்று என்ன கிழமை என்று கேட்டார். தெரியாது என்றேன். சொல்லும்போது முகம் சுட்டது. எந்த நாடு? யோசிப்பதுபோல் இருந்துவிட்டு இலங்கை என்றேன். அவர் எழுதினார். மூன்று சொற்கள் சொல்லி, பிறகு திருப்பிக் கேட்பேன் என்றார். எலுமிச்சை, திறப்பு, பந்து. இப்போதும் நினைவில் இருக்கின்றன. கேட்டபோது பந்து மட்டும் சொன்னேன்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் தந்து, ஒரு மணிக்கூடு கீறி பதினொன்று பத்தைக் காட்டுங்கள் என்றார்.

பென்சில் கூர் போதாது. அதைச் சீவக் கருவி கேட்டேன். அது ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தேடி எடுத்துத் தந்தார். வட்டத்தை ஒரே வீச்சில் போட்டேன். நடுப்புள்ளி. பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது, பிறகு இடைப்பட்டவை. சிறுமுள் பதினொன்றைச் சரியாகத் தொடக் கூடாது, பத்து நிமிடத்துக்கு உரிய அளவு அதைத் தாண்டி நிற்கவேண்டும். அப்படித்தான் வைத்தேன். நிமிடக் கோடுகள் அறுபதும் போட்டு நிமிர்ந்தபோது அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா, இன்று என்ன கிழமை என்று மறுபடி கேட்டார்.

திங்கள் என்றேன்.

திரும்பி வரும்போது ஜெனிற்றா ஏழு வளைவு வரை வாய் திறக்கவில்லை. எட்டாவதில், “கைக்கு எண்டாலும் கொஞ்சம் மறக்கத் தெரியாதோ?” என்றாள்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

இதை எழுதாமல் இந்தக் கொப்பியை மூட முடியாது.

ஆகஸ்ட் 8, சனிக்கிழமை, காலை ஏழு மணி. ஜெனிற்றா களஞ்சியத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். குசினியில் நான் மட்டும், பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். மருமகன் உள்ளே வந்து கோப்பி இயந்திரத்தின் முன் நின்று சொன்னார்: “மூண்டாவது பள்ளத்தாக்கில பாலம் போயிட்டுது. ஆரும் இனி அந்தப் பக்கம் கீறக் கூடாது.”

கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஜெனிற்றா அங்கே இல்லை. ஆகவே பதில் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

‘ஆரும்’ என்றார். இந்த வீட்டில் படம் கீறுகிற ஆள் ஒருத்திதான். அவளை ஆரும் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ‘கீறக் கூடாது’ என்பது அதைவிடப் பிடிக்கவில்லை. என் பிரதம படவரைஞர்கூட என்னிடம் தயவுசெய்து என்றுதான் சொல்வார். போன வருடமும் இதே மனிதர் கணவாய்ப் பாதை உடைந்துவிட்டது என்று சொன்னார். பிறகு பார்த்தால் ஒரு பலகை மட்டும் பெயர்ந்திருந்தது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். முழுதாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது.

ஞாயிறு காலை ரெகுலா மேசைக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து நான் கீறுவதைப் பார்த்தார். தன் தாயும் இப்படி அழகாக எழுதுவார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடைசி மேய்ச்சல்வெளியில் காட்டுப்பூக்கள் இப்போது இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். பாலத்துக்கு வந்தபோது பேனை நின்றது. மை உலரும் அளவுக்கு நின்றது. அதை அவர் கவனித்து, ஏதும் பிரச்சினையா என்றார். நான் மருமகனிடம் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். பத்து அடி தூரத்தில்தான் அவர் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். கேட்பதென்றால் நேரே கேட்கவேண்டும். மகள் சந்தைக்குப் போயிருந்தாள்.

எனக்கு நேரே சொல்லப்படாதது எனக்குத் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இரண்டு கோட்டையும் போட்டேன். உறுதியானது என்று எழுதினேன்.

ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, புதன்

காஸ்பரின் பால்வண்டியில் கீழே போனேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பாதி வழியில், “ஜெனரல் இண்டைக்குப் போருக்குப் போறாவோ?” என்ற மாதிரி ஏதோ கைகாட்டிக் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

பொலிஸ்காரப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மருமகன் சொன்னார், நான் கேட்டேன், கேட்டும் கீறினேன். அவர் மூன்று முறை நிறுத்தி, வக்கீல் வேண்டாமா என்றார். வேண்டாம் என்றேன். அப்படியென்றால் உங்கள் மருமகன் ஏன் மறந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டார் என்று கேட்டார். அதை அவரிடம்தான் கேட்கவேண்டும், நான் அவரோடு பேசுவதில்லை என்றேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். அந்த வழக்கத்தை விளக்கினேன். இரண்டு தரம் விளக்கியும் அவர் எழுதிய வாக்கியம் சரியாக வரவில்லை. மூன்றாம் தரம் விட்டுவிட்டேன். தட்டச்சுப் பிரதியில் திகதி ஒன்று பிழை, அதைத் திருத்தி நான்கு பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.

இனி வழக்குத்தொடுநர் என்னை விசாரிப்பார். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு மருமகனையும் விசாரிப்பார். இதை அந்தப் பெண் சொல்லும்வரை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் போயிருப்பேன்.

ரெகுலா கண்விழித்துப் பேசுகிறாராம். நடப்பாரா என்பது இன்னும் தெரியவில்லை. வைத்தியசாலை முகவரியை வாங்கி வந்தேன். அவருக்கு இரண்டு வரி எழுதிக் கிழித்துப்போட்டேன். மறுபடி எழுதி அனுப்பினேன். அதில் நான் செய்ததை மட்டும் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை அவர் நடந்த பிறகு எழுதுவேன்.

வீட்டுக்கு வந்து ஜெனிற்றாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கிண்ணத்தை மெதுவாக மேசையில் வைத்தாள். “அந்தாள் உங்களுக்காகத்தான் பொய் சொன்னது. உங்களுக்கு அது தெரியாதோ?” என்றாள். தெரியும் என்றேன். “அப்ப ஏன்?” என்றாள். அவர் எனக்காகப் பொய் சொல்வதற்கு நான் அவரிடம் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த வீட்டில் நான் சொன்ன நியாயங்கள் போதும் என்று விட்டுவிட்டேன்.

மருமகன் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

காலை அவர் குசினிக்கு வந்தார். கோப்பியை ஊற்றினார். இயந்திரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. ஒன்பது வருடத்தில் முதல்தடவையாக அவருக்கு என்னிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

கீழ்க்கண்ட கடிதத்தை எழுதி, உறையில் இட்டு, அவருடைய மழைச்சட்டைப் பையில் வைத்தேன். இது அதன் பிரதி.

மருமகன் நேசராஜா அவர்களுக்கு,

உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல்தடவை.

எட்டாம் திகதி காலை நீங்கள் பாலம் போய்விட்டது என்று சொன்னது எனக்குத்தான். எனக்கு அது தெளிவாகக் கேட்டது. பிழை உங்களுடையது அல்ல, பலகையை உரசிய மாடுகளுடையதும் அல்ல. பொலிஸில் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊர்ச்சபைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அதனால் குத்தகை நிற்குமா என்று தெரியாது. உங்கள் வாக்குமூலத்தைப் பொய்யாக்கியதற்கு வருந்துகிறேன். ஆனால் அதை உண்மையாக்கிவிட்டு இருக்க என்னால் முடியாது.

அந்த ஞாயிறு காலை நான் எழுந்து பத்து அடி நடந்து, ‘தம்பி, பாலம் இருக்குதோ?’ என்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள். என் அம்மாவின் வழக்கம் என்று நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது வழக்கத்தை அல்ல.

இந்த வீடு உங்களுடையது. நான் இதில் தொடர்ந்து இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்று ஜெனிற்றாவிடம் கேட்க நான் விரும்பவில்லை. அவளுடைய பதில் எனக்குத் தெரியும், எனக்கு உங்களுடையது வேண்டும். இல்லை என்றால் புரட்டாதி முடிவில் கீழே ஒரு முதியோர் இல்லத்தில் சேருவேன். அதற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை.

நேரே சொல்ல உங்களுக்கு முடியாமலிருக்கலாம், எனக்கும் அப்படித்தான். தயவுசெய்து உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள்.

பெர்னதெத் மரியநாயகம்